இடிக்கும் செலவு யாருடையது?

மதுரைக்காரர்களுக்கு விளக்குத்தூண் என்றால் ஜவுளிக்கடைகளும் தீபாவளி நெரிசலும்தான். அந்தப் பெயருக்குக் காரணமான தூண், 1830, 40களில் மதுரை கலெக்டராக இருந்த பிளாக்பர்னின் நினைவாக நிற்கிறது. ஊர் அவரை நினைவில் வைத்திருப்பது, அவர் இடித்துத் தள்ளிய ஒரு கோட்டைக்காக. நாயக்கர் காலத்துக் கோட்டை அது. 72 கொத்தளங்கள், சுற்றிலும் அகழி. போர்க்காலம் போய்விட்ட பிறகு அகழியில் நின்றது சாக்கடையும் கொசுவும்தான். சுவருக்குள் ஊர் மூச்சுமுட்டிக் கிடந்தது. அத்தனை பெரிய சுவரை இடிக்கக் கம்பெனி கஜானாவிலிருந்து பணம் வாங்குவது லேசான காரியமில்லை. பிளாக்பர்ன் வேறு வழி கண்டார். சுவரில் ஒரு பகுதியை இடித்து, அந்த மண்ணைக் கொண்டே அகழியைத் தூர்ப்பவருக்கு அந்த இடம் சொந்தம் என்று அறிவித்தார். 1837-இல் தொடங்கிய இந்த வேலையில் பிறந்தவைதான் வெளி வீதிகளும், அளவையாளர் மாரட்டின் பெயரையும் மேற்பார்த்த பெருமாள் மேஸ்திரியின் பெயரையும் தாங்கி நிற்கும் வீதிகளும். இடிக்கிற செலவை, இடித்த பிறகு கிடைக்கும் நிலமே கொடுத்துவிட்டது.

இன்று அதே விளக்குத்தூண் வட்டாரத்தில்தான் பழைய கட்டடங்கள் ஆளைக் கொல்கின்றன. 2020 தீபாவளியன்று விடிவதற்கு முன், தெற்கு மாசி வீதியை ஒட்டிய நவபத்கானா தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் தீப்பிடித்தது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் இருவர், பழைய கட்டடம் சரிந்து இறந்துபோனார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில், விளக்குத்தூண் காவல் நிலையத்தைச் சேர்ந்த தலைமைக் காவலர் ஒருவர் இரவு ரோந்தில் இருந்தபோது பழங்கட்டடம் ஒன்று அவர்மேல் விழுந்தது. 2024 செப்டம்பரில் கட்ராபாளையத்தில் பெண்கள் விடுதி ஒன்றில் தீப்பிடித்து, அங்கே தங்கியிருந்த பெண்கள் உயிரிழந்தார்கள். பழுதான கட்டடம் என்று மாநகராட்சி அதற்கு ஏற்கெனவே நோட்டீஸ் கொடுத்திருந்தது. அவர்களைக் கொன்றது தீ. ஆனால் காலி செய்யச் சொல்லப்பட்ட கட்டடத்தில் ஆட்கள் தொடர்ந்து படுத்துறங்கினார்கள் என்பது அந்த நோட்டீஸுக்கு எவ்வளவு பலம் என்பதைக் காட்டுகிறது. இறந்தவர்களில் ஒருவருக்கும் அந்தக் கட்டடங்களில் ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை. தீயணைக்க வந்தவர்கள், காவலுக்கு நின்றவர், மாத வாடகைக்குப் படுக்கை எடுத்தவர்கள். பாழடைந்த கட்டடத்தை அதன் உரிமையாளரின் சொந்த விஷயமாகப் பார்க்கும் பழக்கத்தை இந்தச் சாவுகளுக்குப் பிறகும் நாம் விடவில்லை.

சட்டத்தில் குறை அதிகம் இல்லை. விழும் நிலையில் உள்ள கட்டடத்தைத் தடுப்புக் கட்டி மறைக்கவோ, முட்டுக் கொடுக்கவோ, பழுது பார்க்கவோ, இடிக்கவோ சொல்லி உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுக்கும் அதிகாரம் தமிழ்நாட்டு மாநகராட்சி ஆணையர்களுக்கு நெடுங்காலமாக உண்டு. ஆபத்து உடனடியானது என்றால் நோட்டீஸ் கெடு முடியும் வரை காத்திருக்கவும் வேண்டாம். ஆணையரே வேலையைச் செய்து முடித்துவிட்டு, செலவை உரிமையாளரிடம் வசூலிக்கலாம். ஆக, அதிகாரம் முழுசாக இருக்கிறது. அந்த அதிகாரத்தோடு ஒரு பணப்பெட்டி மட்டும் சேர்ந்து வரவில்லை. முதலில் கையிலிருந்து போட்டு, பிறகு வழக்காடி வசூலிக்க வேண்டும் என்றால், குப்பைக்கும் குடிநீருக்கும் சம்பளத்துக்கும் இழுபறியாக இருக்கும் பொது நிதியிலிருந்து அந்தக் காசை எடுக்க எந்த அதிகாரிக்குக் கை வரும்? நோட்டீஸ் ஒட்டுவதற்கு ஒரு தாளும் பசையும் போதும். அதனால் நோட்டீஸ் ஒட்டப்படுகிறது. கட்டடம் நிற்கிறது, அல்லது விழுகிறது.

உரிமையாளர் ஏன் இடிப்பதில்லை என்பதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். மாசி வீதிக்குள் இருக்கும் பழைய வீடு பலவும் பாகம் பிரிக்காத சொத்து. தாத்தா பெயரில் பத்திரம், நான்கு ஊர்களில் பதினைந்து வாரிசுகள். ஒருவர் கையெழுத்துப் போட்டால் இன்னொருவர் கோர்ட்டுக்குப் போவார். சில இடங்களில் மனை கோயிலுக்கோ அறக்கட்டளைக்கோ சொந்தம், மேலே இருக்கும் கட்டடம் அடிமனை வாடகைதாரருடையது. இருவரில் யாரிடம் செலவை வசூலிப்பது? கீழே தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருப்பவர் சொற்ப வாடகை கொடுக்கிறார்; அந்த வாடகையில் ஓட்டை அடைக்கவும் முடியாது, அவரை எழுப்பவும் முடியாது. இதற்கு மேல், மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக்கூடாது என்ற விதி. கோபுரத்தை மறைக்காமல் காப்பாற்றும் நல்ல விதிதான், அதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் இடித்துவிட்டு ஐந்து மாடி எழுப்பிச் செலவை ஈடுகட்டும் வழி அங்கே இல்லை என்பதும் உண்மை. பிளாக்பர்ன் காலத்தில் இடித்தவருக்குப் புது நிலம் கிடைத்தது. இன்று இடிப்பவருக்குக் கிடைப்பது ஏற்கெனவே அவருடையதாக இருந்த மனையும், அதன் மேல் ஒரு வழக்கும்.

ஒரு பழைய மதுரை வீடு எப்படி விழுகிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் பணக்கணக்கும் புரியும். மண்ணோ சுண்ணாம்போ வைத்துக் கட்டிய தடித்த செங்கல் சுவர். அதில் குறுக்கே தேக்கு உத்திரங்கள், அவற்றின் மேல் கட்டைகள், கட்டைகளின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்டு, தட்டோடு பதித்த மொட்டைமாடி. கவனித்துக்கொண்டால் நூறு வருஷத்துக்குச் சலிக்காமல் நிற்கும். கவனிப்பார் இல்லாத வீட்டில் முதலில் கைப்பிடிச்சுவர் விரிசலில் காக்கை எச்சத்திலிருந்து ஓர் அரசங்கன்று முளைக்கும். வேர் விரிசலைப் பிளக்கும். ஐப்பசி மழை அந்த வழியாக உள்ளே இறங்கும். நடுவில் காற்றுப் படும் உத்திரம் கெடாது. சுவருக்குள் புதைந்திருக்கும் அதன் நுனிதான் ஈரத்தில் இற்றுப்போகும். தெருவிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. சுவர் நேராகத்தான் இருக்கும். கீழே ஷட்டர் வைப்பதற்காக முன்சுவரைப் பெயர்த்து இரும்புக் கர்டர் கொடுத்திருப்பார்கள். மேலே யாரோ ஒரு சிமென்ட் அறையும் தண்ணீர் டேங்க்கும் ஏற்றியிருப்பார்கள். ஒரு நாள் ராத்திரி உத்திர நுனி நழுவும். சுவர் தெருப்பக்கம் சாயும்.

இந்தக் கதையில் பணம் ஒளிந்திருக்கும் இடம் அந்த உத்திரம். பர்மா தேக்கு, கருங்கல் தூண், செதுக்கு வேலை செய்த கதவு நிலை, பழைய செங்கல் எல்லாவற்றுக்கும் சந்தையில் விலை உண்டு. அதனால்தான் நம் ஊரில் நல்ல நிலையில் உள்ள பழைய வீட்டை இடிக்க வருகிற ஒப்பந்தக்காரர், உரிமையாளரிடம் கூலி கேட்பதில்லை. சாமான்களை எடுத்துக்கொண்டு அவரே பணம் கொடுத்துவிட்டுப் போவார். அரசுக் கட்டடங்களை இடிப்பதும் பெரும்பாலும் ஏலத்தில்தான்: பெயர்த்தெடுக்கும் பொருளுக்குப் பொறியாளர் ஒரு மதிப்புப் போடுவார், அதற்கு மேல் கேட்பவருக்கு வேலை. அதே வீடு பத்து வருஷம் நனைந்து மரம் இற்றுப்போய், பாதி உள்ளே விழுந்த பிறகு அதில் எடுக்க என்ன இருக்கும்? இப்போது கணக்கு தலைகீழாகிறது. சந்துக்குள் ஜேசிபி நுழையாது. பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் வேறு. ஒன்றை அசைத்தால் மற்றது ஆடும் என்பதால் அதற்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் கை வைக்க முடியும். மேலிருந்து கீழாக, சம்மட்டியும் கடப்பாரையுமாக ஆள்தான் இடிக்க வேண்டும். இடிபாட்டைச் சட்டியில் சுமந்து, குட்டியானை வண்டியில் ஏற்றி, ஊருக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். கட்டுமானக் கழிவுகளை இன்னபடி அகற்ற வேண்டும் என்று 2016-லேயே மத்திய அரசு விதி வகுத்திருந்தாலும், கேட்பாரற்ற இடிபாடு எந்தக் கண்மாய்க் கரைக்குப் போய்ச் சேரும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆக, சீக்கிரம் இடித்தால் தன் செலவைத் தானே கொடுத்திருக்கக்கூடிய கட்டடம், தாமதித்தால் ஊர்ப் பணத்தைக் கேட்கிறது. தாமதத்துக்கு ஒரு விலை உண்டு, அது ஒவ்வொரு மழைக்கும் ஏறுகிறது.

என் வாதம் இதிலிருந்து வருகிறது. மாநகராட்சி இதற்கென்று தனியாக ஒரு சுழல்நிதி வைக்க வேண்டும். முதலில் ஊர் செலவழித்து இடிக்கட்டும் அல்லது முட்டுக் கொடுக்கட்டும். பெயர்த்தெடுத்த சாமான் விற்ற பணம் அந்த நிதிக்கே போகட்டும். மிச்சச் செலவு அந்த மனையின் மீது கடனாகப் பதிவாகட்டும், வில்லங்கச் சான்றிதழில் தெரியும்படி. வாரிசுகள் சண்டை முடிந்து என்றைக்காவது விற்கும்போது, அடமானம் வைக்கும்போது, புதிதாகக் கட்ட அனுமதி கேட்கும்போது கட்டியே ஆக வேண்டும். மாசி வீதி மனைக்கு இருக்கும் மதிப்போடு பார்த்தால் இந்தக் கடன் சிறியது; தாமதமாகலாம், முழுகாது. பேச்சுக்கு ஒரு கணக்கு: நிதியில் ஒரு கோடி ரூபாய், ஒரு கட்டடத்துக்கு ஐந்து லட்சம் என்று வைத்தால் முதல் வருஷம் இருபது கட்டடம். சாமானும் கடனும் சேர்ந்து மூன்று வருஷத்தில் பாதி திரும்பி வந்தாலே அடுத்த பத்துக்கு வழி பிறக்கிறது. யாரோ ஒருவரின் சொத்தை இடிக்க என் வீட்டு வரி ஏன் போக வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அந்தச் சுவர் விழப்போவது உரிமையாளரின் கூடத்தில் அல்ல, நீங்களும் நானும் நடக்கும் வீதியில். வீதியைப் பத்திரமாக வைப்பது மாநகராட்சி வேலை. நாம் கொடுப்பது தானமும் இல்லை, மனை ஈட்டோடு கொடுக்கும் கைமாற்று.

தனி நிதி ஏன் வேண்டும் என்பதைத் துல்லியமாகக் காட்டிய மாதம் 2021 டிசம்பர். 17-ஆம் தேதி திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். 22-ஆம் தேதி மதுரைக் காவலரின் சாவு. 27-ஆம் தேதி சென்னை திருவொற்றியூரில் அரசு கட்டிய குடியிருப்பில் 24 வீடுகள் சரிந்தன. விரிசலைப் பார்த்து எல்லோரும் முன்பே வெளியேறிவிட்டதால் உயிர் தப்பினார்கள். பள்ளி விபத்துக்குப் பிறகு தமிழகம் முழுக்கப் பழுதான அரசுப் பள்ளிக் கட்டடங்கள் ஆயிரக்கணக்கில் கணக்கெடுக்கப்பட்டு மளமளவென்று இடிக்கப்பட்டன. எப்படி முடிந்தது? உரிமையாளர் அரசு, பணம் அரசுடையது, உத்தரவும் அரசுடையது. தனியார் கட்டடத்தில் இந்த மூன்றும் மூன்று பேரிடம் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஒன்றாகக் கோக்கும் நூல்தான் நிதி.

மும்பை இதை 1969-லேயே செய்யத் தொடங்கியது. பழைய கட்டடங்களில் குடியிருப்பவர்களிடமிருந்தே ஒரு சிறு தீர்வை வசூலித்து, அதில் அரசும் பங்கு போட்டு, பழுது பார்க்கவும் திரும்பக் கட்டவும் ஒரு வாரியம் அமைத்தார்கள். மழைக்காலத்துக்கு முன் ஒவ்வோர் ஆண்டும் ஆபத்தான கட்டடங்களின் பட்டியல் பகிரங்கமாக வெளியாகிறது; காலி செய்து இடித்தே ஆக வேண்டியவை ஒரு வகை, பழுது பார்த்தால் போதும் என்பவை வேறு வகை. ஆனாலும் 2017 ஆகஸ்டில் பேண்டி பஜாரில் ஹுசைனி கட்டடம் விழுந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2011-லேயே ஆபத்தானது என்று அறிவிக்கப்பட்ட கட்டடம் அது. காலி செய்பவர்கள் போய்த் தங்க இடமும் திரும்பி வர உத்தரவாதமும் இல்லாவிட்டால் பட்டியல் மட்டும் காப்பாற்றாது என்பது அங்கே கிடைத்த பாடம். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம் இன்னொரு பக்கம். மோட்டார்த் தொழில் சரிந்து மக்கள் வெளியேறிய ஊர். 2014-இல் வீடு வீடாகப் பார்த்து, உடனே இடிக்க வேண்டியவை சுமார் 40,000 என்று கணக்கெடுத்தார்கள். முதலில் மத்திய அரசுப் பணம். அது தீர்ந்த பிறகு, 2020-இல் மக்களிடமே ஓட்டுக்கு விட்டு 25 கோடி டாலர் கடன் பத்திரம். அங்கே பாழ்வீட்டு மனை விலைபோகாது, அதனால் ஊரே சுமந்தது. நமக்கு அந்த நிலை இல்லை. இங்கே மனைக்குத் தங்க விலை.

பணம் வந்தாலும் எதை முதலில் இடிப்பது? வயதைப் பார்த்து வரிசை போடுவது எளிது, ஆனால் தவறு. நூற்றைம்பது வயது வீடு ஆரோக்கியமாக நிற்கலாம். உப்பு மணலில் கட்டிய நாற்பது வயதுக் காங்கிரீட் கம்பி துருப்பிடித்து உதிரலாம். நான் கேட்பது வேறு கேள்வி: இது விழுந்தால் யார்மேல் விழும்? ஆள் நடமாட்டமில்லாத கொல்லைப்புறத்தில் பாதி இடிந்து கிடக்கும் வீட்டைவிட, பேருந்து நிறுத்தத்தின் மேல் தொங்கும் ஒரு பால்கனி முந்த வேண்டும். பள்ளிக்கூட வாசல், மார்க்கெட் சந்து, கீழே கடை நடக்கும் மாடி எல்லாம் முன்வரிசை. மதுரையில் இந்தக் கேள்விக்கு ஒரு காலண்டரும் தேவைப்படுகிறது. சித்திரைத் திருவிழாவில் தேர் மாசி வீதிகளைச் சுற்றும் அந்த ஒரு காலைப்பொழுதில், மற்ற நாட்களில் நூறு பேர் கடந்துபோகும் சுவரடியில் ஆயிரம் பேர் நிற்கிறார்கள். திண்ணையிலும் மாடியிலும் கைப்பிடிச்சுவரிலும் சனம். ஆவணி மூலத் திருவிழாவுக்கு ஆவணி மூல வீதிகள். தீபாவளிக்கு முந்தைய வாரம் விளக்குத்தூணும் தெற்கு மாசி வீதியும். கட்டடத்தின் பலவீனத்தை அளக்கிற பொறியாளர், அதன் கீழே எந்த மாதத்தில் எத்தனை பேர் நிற்பார்கள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். அந்த வரிசை மண்டல அலுவலகச் சுவரில் தமிழில் ஒட்டப்பட வேண்டும். ஒரு கட்டடம் பத்தாவது இடத்திலிருந்து நாற்பதாவது இடத்துக்குச் சத்தமில்லாமல் இறங்கினால், ஏன் என்று கேட்க யாராவது இருப்பார்கள்.

வாடகைதாரர்களின் பயம்தான் இதில் ஆகக் கனமான ஆட்சேபம். "பழுதான கட்டடம்" என்ற நோட்டீஸ், பிடிக்காத வாடகைதாரரை விரட்ட உரிமையாளரே கேட்டு வாங்கும் ஆயுதமாக முடியும் என்கிறார்கள். அந்தப் பயம் கற்பனையில்லை. 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில், பழுது பார்ப்பதற்காகக் காலி செய்தால் வேலை முடிந்ததும் அதே வாடகைதாரருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. இடித்துக் கட்டக் காலி செய்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை. அதற்குப் பதிலாக 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தை மையமாக வைத்தது. தாத்தா காலத்து வாய்ப்பேச்சில் கடை நடத்துபவருக்கு அதில் என்ன பிடிமானம்? ஆகவே அவர் விரிசலைப் பார்த்தும் உட்கார்ந்திருக்கிறார். வெளியேறினால் கடை போகும், இருந்தால் உயிர் போகலாம். ‘லாம்’ என்பதை நம்பி இருக்கிறார். இடிக்கும் அதிகாரத்தைப் பயன்படுத்தும் ஊர், அந்த மனிதருக்கும் பதில் சொல்லியாக வேண்டும். மும்பையில், இடிக்கும் முன் ஒவ்வொருவர் வசம் இருந்த பரப்பையும் அளந்து பதிவு செய்கிறார்கள். கட்டடம் போனாலும் உரிமை காகிதத்தில் நிற்கிறது. அதே முறையை இங்கே கொண்டுவருவதற்கு நவீன இயந்திரம் எதுவும் தேவையில்லை. ஒரு அளவு நாடா, ஒரு வரைபடம், இரு தரப்புக் கையெழுத்து. கட்டடத்தின் பலத்துக்குச் சான்றளிப்பவர் உரிமையாளர் கூலி கொடுத்து அழைத்துவந்தவராக இல்லாமல், நிதியிலிருந்தே ஊதியம் பெறும் பொறியாளராக இருந்தால் சந்தேகம் பாதி தீரும்.

பழமையைக் காக்க விரும்புகிறவர்கள், இந்த நிதி வந்தால் மிச்சமிருக்கும் முற்றத்து வீடுகளும் போய்விடும் என்று அஞ்சுகிறார்கள். எனக்கும் அந்த வீடுகள் மேல் ஆசை உண்டு. ஆனால் அவற்றை இன்று அழித்துக்கொண்டிருப்பது இடிப்பு நிதியில்லை, அரசங்கன்று. திருமலை நாயக்கர் மகாலே 19-ஆம் நூற்றாண்டில் சிதிலமாகக் கிடந்ததுதான். சென்னை ஆளுநர் நேப்பியர் பிரபு காலத்தில் பணம் ஒதுக்கிப் பழுது பார்த்ததால்தான் இன்றைக்கு அந்தத் தூண்களைப் பார்க்கிறோம். முதல் சோதனையிலேயே உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்துக் கூரையை அடைக்க அதே நிதி உதவினால், பல வீடுகள் இடிப்புப் பட்டியலுக்கே வராது. இன்னொரு அச்சம் புல்டோசர் பற்றியது. நாட்டின் சில பகுதிகளில் இடிப்பு என்பது தண்டனையாக மாறிப்போனதைப் பார்த்திருக்கிறோம். 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம், 15 நாள் அவகாசமும் விளக்கம் கேட்பதும் இல்லாமல் வீட்டை இடிக்கக்கூடாது என்று வழிமுறைகள் வகுத்தது. நான் கேட்கும் பகிரங்க வரிசையும் அந்தத் திசையில்தான் போகிறது. ஊருக்கு முன்னால் ஒட்டப்பட்ட காரணத்தோடு வருகிற கடப்பாரை, ராத்திரியில் வருகிற புல்டோசர் ஆகாது.

ஊருக்கு வெளியே, சமவெளிக் கிராமங்களில் கணக்கு மாறும். 2025 மே மாதம் மதுரைக்குத் தெற்கே வலையன்குளத்தில் மழையில் ஊறிய வீட்டுச் சுவர் இடிந்து ஒரு சிறுவன் உட்பட மூன்று பேர் இறந்தார்கள். அங்கே மனைக்கு மாசி வீதி விலை இல்லை. உரிமையாளர்தான் சுவரடியில் உட்கார்ந்திருப்பவரும். அங்கே கடன் பதிவது கொடுமை, மானியம்தான் முறை. 2024-இல் தொடங்கிய கலைஞர் கனவு இல்லம் திட்டம் ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் கொடுக்கிறது. புதுவீட்டுக்கான அந்தப் பணத்தோடு, பக்கத்தில் நிற்கும் பழைய மண்சுவரை இறக்குவதற்கான கூலியையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன கெட்டுவிடும்? இரண்டு நாள் வேலை, நான்கு ஆள்.

மாநகராட்சி பட்ஜெட் மார்ச் வாக்கில் வரும். சித்திரைத் தேர் ஏப்ரல் பிற்பாதியிலோ மே தொடக்கத்திலோ நிலைக்கு வரும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவில் தொடங்கும், தீபாவளிக் கூட்டமும் அதே சமயத்தில்தான். தேர் வருவதற்குள் முதல் பத்துக் கட்டடங்களுக்கு முட்டும் தடுப்பும் வைத்துவிட்டு, தேர் நின்ற மறுநாள் முதல் மழைக்கு முன்வரை இடிப்பு வேலையை நடத்தினால் கையில் ஐந்து மாதம் இருக்கிறது. அதற்குப் பட்டியல் தை மாதத்திலேயே தயாராக வேண்டும். பொறியாளர்கள் மார்கழியிலேயே, மழை ஈரம் சுவரில் இன்னும் தெரியும்போதே, மாடி ஏறி உத்திர நுனிகளைத் தட்டிப் பார்க்க வேண்டும்.